லேசான படகுக்கு எந்த ரெசின், எந்தத் துணி: குளத்துக்கும் கடலுக்கும் தனித்தனியாக ஒரு மதிப்பீடு

நெல்லைச் சீமையின் உவரியிலும் கூத்தங்குழியிலும் கடலுக்குப் போகிற பைபர் வள்ளத்தின் வேலைமுறையை அப்படியே சுருக்கி, குளத்துக்கென்று பன்னிரண்டடிப் படகு கட்டினால், வெறும் ஓடு (படகின் வெளிக்கூடு) மட்டுமே 35 கிலோ வரும். உட்காரும் பலகை, குறுக்குச் சட்டம், விளிம்பு, மிதவைப் பெட்டி எல்லாம் சேர்ந்தால் 60 கிலோவைத் தாண்டிவிடும். குட்டியானை வேனில் ஏற்ற நாலு ஆள் வேண்டும். வைகாசியில் தண்ணீர் கரையை விட்டு நெடுந்தூரம் உள்ளே போனபிறகு, அந்த எடையைச் சேற்றில் இழுத்துப்போவது இரண்டு பேரால் ஆகிற காரியம் இல்லை. அதே அளவுப் படகை, எல்லாம் சேர்த்தே 35 கிலோவை ஒட்டி முடிக்க முடியும். அதற்கான பொருட்களில் எதை வாங்கலாம், எதை வாங்கக்கூடாது, எதைக் கடலுக்கு மட்டும் ஒதுக்கவேண்டும் என்பதே இந்த மதிப்பீடு.

முதலில் வெறும் ஓட்டின் 35 கிலோ எங்கே போகிறது என்று பார்க்கலாம். பன்னிரண்டடி நீளம், நாலடி அகலம் உள்ள படகின் ஓட்டுப் பரப்பு ஏறக்குறைய 6 சதுர மீட்டர். வழக்கமான அடுக்கு இது: அரை மி.மீ. ஜெல்கோட் (வெளியே தெரிகிற நிறப்பூச்சு), 300 கிராம் மேட் (வெட்டிய கண்ணாடி இழைகளைப் பசையால் ஒட்டிய விரிப்பு) ஒன்று, 450 கிராம் மேட் ஒன்று, 610 கிராம் ரோவிங் (தடித்த இழைக்கற்றையால் நெய்த துணி) ஒன்று, மறுபடி 450 கிராம் மேட் ஒன்று. இந்தக் கிராம் கணக்கு ஒரு சதுர மீட்டருக்கானது. மேட் தன் எடையைப்போல இரண்டேகால் மடங்குக்குமேல் ரெசின் (இழையில் ஊறி இறுகுகிற பிசின்) குடிக்கும். ரோவிங் தன் எடைக்குச் சமமாகக் குடிக்கும். கூட்டினால் சதுர மீட்டருக்கு 5.9 கிலோ, ஆறு சதுர மீட்டருக்கு 35 கிலோ. அதில் கண்ணாடி இழை 11 கிலோதான். மீதி 24 கிலோவும் ரெசினும் ஜெல்கோட்டும்.

ஆக, எடை துணியில் இல்லை, ரெசினில் இருக்கிறது. பலம் கொடுப்பது இழை. ரெசினின் வேலை இழைகளைப் பிடித்துவைப்பது. தேவைக்குமேல் ஊற்றுகிற ஒவ்வொரு குவளையும் சுமைதான். கைக்குச் சரளமாக வரட்டும் என்று ஆள் தாராளமாக ஊற்றி, மேட்டில் இழைப்பங்கு (மொத்த எடையில் இழையின் பங்கு) 30 விழுக்காட்டிலிருந்து 25-க்கு இறங்கினால், இதே ஓட்டில் 5 கிலோ கூடும், பலமும் குறையும். கார்பன் போட்டால் எடை குறையும் என்று தேடி அலைகிறவர்கள், முதலில் ஒரு தராசு வாங்கி, வெட்டிய துணியையும் ரெசின் வாளியையும் நிறுக்கப் பழகவேண்டும். லேசான படகு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பாலியெஸ்டர் ரெசின்

கடையில் "ரெசின்" என்று மட்டும் கேட்டால் கையில் வருவது பாலியெஸ்டரில் மலிவான, சாதாரண ஆர்த்தோ வகை. தண்ணீர்த் தொட்டி, கூரைத்தகடு, பொம்மை எல்லாம் அதில்தான். படகுக்கு வெளிப்பக்கத்து முதல் இரண்டு அடுக்காவது, தண்ணீரை நன்றாகத் தாங்குகிற ஐசோ வகையாக இருக்கவேண்டும். காரணம் கொப்புளம். ஆர்த்தோ ரெசினுக்குள் தண்ணீர் மெல்ல ஊறி, உள்ளே கரையக்கூடிய பொருளைக் கரைத்து, ஜெல்கோட்டுக்குப் பின்னால் திரவமாகத் தேங்கி அழுத்தும். இதில் பலரும் நம்பாத செய்தி ஒன்று உண்டு: கடல்நீரைவிட நல்ல தண்ணீரில்தான் இந்தக் கொப்புளம் சீக்கிரம் வரும். உப்பு நீரைவிட நல்ல நீர் உள்ளே ஊடுருவ முனைவது அதிகம். வெதுவெதுப்பான நீரில் இன்னும் வேகம். ஆகவே குளத்திலேயே வருடம் முழுக்கக் கட்டிக்கிடக்கிற படகுக்கு "இது குளம்தானே, ஆர்த்தோ போதும்" என்று சொல்வது தலைகீழான கணக்கு.

நம் ஊரில் பாலியெஸ்டர் வேலை கெடுவதற்கு முதல் காரணம் வெயில். 25 டிகிரியில் அரைமணி நேரம் வேலைக்கு இடம் கொடுக்கிற கலவை, சித்திரை நடுப்பகலில் பாளையங்கோட்டையில் பத்து நிமிடத்துக்குள் கட்டியாகிவிடும். அதைச் சமாளிக்கக் கேட்டலிஸ்டை (ரெசினை இறுகத் தூண்டுகிற திரவம்) குறைத்துக்கொண்டே போவார்கள். கிலோவுக்கு 10 மில்லிக்குக் கீழே போகவே கூடாது. குறைந்தால் மெதுவாக இறுகும் என்பது பாதி உண்மை. மீதிப் பாதி, முழுதாக இறுகவே இறுகாது என்பது. மேலே கெட்டியாகத் தெரியும், உள்ளே ஸ்டைரின் (ரெசினை இளக்கிவைத்திருக்கிற திரவம்) இறுகாமல் தங்கி, ஆறு மாதத்தில் தண்ணீர் குடிக்கத் தொடங்கும். கேட்டலிஸ்டை 10 முதல் 15 மில்லிக்குள் நிறுத்திக்கொண்டு, இறுகும் வேகத்தைக் கூட்டுகிற கோபால்ட் திரவத்தைக் குறைக்கவேண்டும். ஒரு தடவைக்கு அரைக் கிலோவுக்குமேல் கலக்காமல், அதிகாலை ஐந்து மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடிக்கவேண்டும். தொடங்கும் முன் நூறு கிராம் ரெசினில் ஒரு மில்லி விட்டு, காகிதக் குவளையில் நேரம் பார்க்கலாம். குவளையில் இருபது நிமிடம் என்றால் ஓட்டில் மெல்லிசாகப் பரவும்போது அதைவிடக் கூடுதல் நேரம் கிடைக்கும்.

கோபால்ட்டும் கேட்டலிஸ்டும் நேரடியாக ஒன்றோடொன்று சேரக்கூடாது. சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை முதலில் ரெசினில் விட்டு நன்றாகக் கலக்கி முடித்தபிறகே கேட்டலிஸ்ட். இரண்டுக்கும் ஒரே அளவுக்குப்பி வைத்திருக்கிற பட்டறையில் நின்று பார்க்கவே பயமாக இருக்கும். கேட்டலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணில் தெறித்தாலும் பார்வை போகலாம். கண்ணாடி போடாமல் அந்தப் புட்டியைத் திறக்கக்கூடாது. தெறித்துவிட்டால் குறைந்தது கால்மணி நேரம் ஓடுகிற தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு கண் மருத்துவரிடம் ஓடவேண்டும்.

வாங்கும்போது தயாரிப்புத் தேதி பார்க்கவேண்டும். ரெசினின் ஆயுள் நிழலில், குளிர்ச்சியில் ஆறு மாதம் என்று பொதுவாகச் சொல்வார்கள். தகரக் கொட்டகைக்குள் கோடை முழுக்க நின்ற டிரம்முக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. குச்சியை அடிவரை விட்டு எடுத்தால், நுங்குபோலத் திரித்திரியாக ஏதாவது ஒட்டி வந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கடற்கரைக் கிராமத்துக்கு எங்கள் தீர்ப்பு: ஐசோ வாங்கலாம், தாராளமாக. குளத்துக்கான லேசான படகுக்கு இது முதல் தெரிவு அல்ல. காரணம் துணியோடு சேர்ந்தது. பாலியெஸ்டரில் ரோவிங்மேல் ரோவிங்கை நேராக ஒட்டினால் இரண்டுக்கும் நடுவே பிடிப்பு போதாது, தட்டினால் பிளக்கும். நடுவில் மேட் வைத்தே ஆகவேண்டும். மேட் என்றால் ரெசின், ரெசின் என்றால் எடை.

வினைல் எஸ்டர்

பாலியெஸ்டரின் வேலைச் சுலபமும் எபாக்ஸிக்கு அருகில் வருகிற நீர்த்தாங்கும் திறனும் சேர்ந்தது. ஆர்த்தோ ரெசின் 2 விழுக்காடு நீட்சியிலேயே கீறல் விடும். இது அதைப்போல இரண்டு மடங்குக்குமேல் தாங்கும். அலை அடிக்கிற அடிப்பக்கத்துக்கு நல்ல பொருள். ஆனால் ஆயுள் மிகக் குறைவு, மூன்று மாதத்துச் சரக்கையே யோசித்துத்தான் வாங்கவேண்டும். சாதாரணக் கேட்டலிஸ்ட் விட்டால் நுரை கட்டும். அந்த நுரை அடங்குமுன் துணியில் பூசினால் ஓடு முழுக்க ஊசிமுனை ஓட்டைகள் நிற்கும். வினைல் எஸ்டருக்கென்று உள்ள கேட்டலிஸ்டைக் கேட்டு வாங்கவேண்டும். கலக்கும்போது காற்று இழுக்காமல் மெதுவாகக் கிண்டவேண்டும். கடல் படகின் வெளிப்பக்கத்து முதல் அடுக்குக்கு மட்டும் இதைப் பயன்படுத்தி, உள்ளே ஐசோவுக்கு மாறுவது கொடுத்த காசுக்குத் தகுந்த ஏற்பாடு.

எபாக்ஸி

குளத்துப் படகுக்கு இதுதான். விலை பாலியெஸ்டரைவிடப் பல மடங்கு. ஆனால் மேட் தேவையில்லை, துணிமேல் துணி நேராக ஒட்டும், மரத்தை விடாமல் பிடிக்கும், இறுகும்போது சுருங்குவது மிகக் குறைவு. தேவைப்படுகிற கிலோ குறைவதால், மொத்தச் செலவில் அந்த விலை வித்தியாசம் பயந்த அளவுக்கு இருக்காது.

நம் பக்கத்தில் எளிதில் கிடைப்பது எல்.ஒய். 556 ரெசினும் எச்.ஒய். 951 ஹார்டனரும் (எபாக்ஸியை இறுகவைக்கிற இரண்டாம் பாகம்), அல்லது லேபாக்ஸ் எல்-12 ரெசினும் கே-6 ஹார்டனரும். இரண்டு ஜோடியிலும் அளவு நூறு கிராமுக்குப் பத்து கிராம். இது எடைக் கணக்கு, மில்லிக் கணக்கு அல்ல. பொறியியல் கல்லூரி ஆய்வகங்களுக்கும் வார்ப்பு வேலைக்கும் பழகிய பொருள் இது. ரெசின் தேனைவிடக் கெட்டி. குளிர்ந்த காலையில் துணிக்குள் இறங்காது, மேலே பாகாக நிற்கும். இங்கே நம் வெயில் உதவிக்கு வருகிறது: ரெசின் டப்பாவை மட்டும், ஹார்டனர் சேர்க்குமுன், 35 டிகிரிக்கு வெதுவெதுப்பாக்கினால் நன்றாக இளகும். இளகட்டும் என்று தின்னர் விடுவது பெரிய தப்பு. தின்னர் உள்ளேயே சிக்கிக்கொண்டு, இறுகிய ரெசினை ரப்பராக்கிவிடும். கொஞ்சம் கூடுதல் செலவுக்கு ஆளாகலாம் என்றால், துணி ஒட்டுவதற்கென்றே வருகிற இளக்கமான எபாக்ஸியையும், மெதுவாக இறுகும் ஹார்டனரையும் வரவழைப்பது நல்லது. அதன் கலவை விகிதம் வேறாக இருக்கும். டப்பாவில் உள்ளதைத்தான் பின்பற்றவேண்டும்.

பாலியெஸ்டரில் பழகிய கை எபாக்ஸியில் செய்கிற தப்பு எப்போதும் ஒன்றேதான். "சீக்கிரம் இறுகட்டும்" என்று ஹார்டனரைக் கூட்டுவது. கேட்டலிஸ்ட் தூண்டிவிடுகிற பொருள், கொஞ்சம் கூடலாம், குறையலாம். ஹார்டனர் அப்படியல்ல. ரெசினோடு பங்குக்குப் பங்கு சேர்ந்து வலையாகிற பொருள் அது. கூடினாலும் குறைந்தாலும் மிச்சமான பங்கு சேராமல் தங்கி, ஓடு என்றைக்கும் ரப்பராகவே இருக்கும். அந்த ஓட்டைச் சுரண்டி எடுப்பதைத் தவிர வேறு வைத்தியம் கிடையாது. ஒரு கிராம் வரை காட்டுகிற சமையல் தராசு போதும். ஒரு தடவைக்கு 300 கிராம். கலந்ததும் வாளியில் வைத்திருக்காமல் அகலமான தட்டில் ஊற்றிவிடவேண்டும். குவிந்து நின்றால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகையும். வெப்பம் பத்து டிகிரி கூடினால், கலவை கட்டியாகுமுன் கிடைக்கிற வேலை நேரம் பாதியாகும் என்று மனதில் வைத்துக்கொள்ளலாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் எபாக்ஸி வேலை செய்தால், இறுகிய பரப்பின்மேல் மெழுகுபோல ஒரு பிசுபிசுப்பு படியும். ஹார்டனர் காற்றின் ஈரத்தோடும் கரிவாயுவோடும் சேர்ந்து உண்டாவது. அதைத் துடைக்காமல் அடுத்த அடுக்கு போட்டால் ஒட்டாது. உப்புத்தாளால் தேய்த்தால் போகாது, இன்னும் பரவும். முதலில் வெறும் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரும் கொண்டு கழுவி, காயவிட்டு, பிறகுதான் தேய்க்கவேண்டும்.

இரண்டையும் கலந்து பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு விதி: பழைய பாலியெஸ்டர் படகின்மேல் எபாக்ஸி நன்றாக ஒட்டும். எபாக்ஸி படகின்மேல் பாலியெஸ்டரோ ஜெல்கோட்டோ நம்பிப் போடக்கூடாது. எபாக்ஸி வெயிலில் வெளுத்துப் பொடியும். மேலே பி.யு. (பாலியூரிதேன்) பெயின்ட் கட்டாயம்.

துணியும் மேட்டும்

நல்ல மேட் கையில் ஒரே சீராகக் கிழியும். சிமென்ட் தரையில் வைத்து ஈரம் ஏறிய மேட்டில் ரெசின் விட்டால் வெள்ளைத் திட்டுகள் மறையாது. அந்தச் சுருளை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். மேட்டின் இழைகளைப் பிடித்திருக்கிற பசை, பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரினில் கரைவதற்கென்று செய்தது. எபாக்ஸியில் ஸ்டைரின் இல்லை. ஆகவே சாதாரண மேட்டை எபாக்ஸியில் போட்டால் இளகாமல் விறைத்து நிற்கும், மூலையில் படியாது. எபாக்ஸிக்கு நெய்த துணி அல்லது பயாக்சியல் துணி (இரண்டு திசை இழைகளை நெய்யாமல் அடுக்கித் தைத்தது). பலகைப் படகின் வெளிப்புறத்துக்கு 200 கிராம் துணி. மூட்டுகளுக்கு இழை குறுக்குச் சாய்வாக ஓடுகிற பயாக்சியல் பட்டை. நேர் நெசவுப் பட்டையில் பாதி இழை மூட்டுக்கு இணையாக ஓடி வீணாகும். சாய்வுப் பட்டையில் எல்லா இழையும் மூட்டைத் தாண்டிப் பிடிக்கும்.

கார்பன் துணியைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. விறைப்பு கண்ணாடி இழையைப்போல மூன்று மடங்கு, எடை குறைவு, எல்லாம் உண்மை. ஆனால் பன்னிரண்டடிப் படகின் ஓட்டுத் தடிப்பை முடிவு செய்வது விறைப்பு மட்டும் அல்ல, கல்லிலும் கட்டையிலும் இடிபடுவதும்தான். மெல்லிய கார்பன் தோல் இடி வாங்கினால் வளையாமல் ஒடியும். அலுமினியத் தகடோ ஆணியோ கார்பனைத் தொட்டுக்கொண்டு உப்புநீரில் கிடந்தால், அந்த அலுமினியம் அரித்துப்போகும். துடுப்புத் தண்டுக்கு வாங்கலாம், ஓட்டுக்கு வேண்டாம். கெவ்லார் என்கிற மஞ்சள் செயற்கை இழைத்துணி எளிதில் கிழியாது, லேசு. ஆனால் சாதாரணக் கத்தரி வெட்டாது, தேய்த்தால் பஞ்சாய் எழும்பும், அமுக்கும் பலம் குறைவு. பனைநார், வாழைநார் ரெசினில் சேருமா என்று நம் பக்கத்தில் ஆர்வமாகக் கேட்கிறார்கள். பெட்டிக்கும் பலகைக்கும் சேரும். தண்ணீரிலேயே கிடக்கிற ஓட்டில், வெட்டிய முனை வழியே ஈரம் ஏறி நார் உப்பும்.

நடுப்பொருள்

லேசான படகின் இரகசியம் எல்லாம் இங்கேதான் இருக்கிறது. துணியும் ரெசினும் சேர்ந்து இறுகிய அடுக்கைத் தோல் என்போம்; ஒரே அளவு தோலை இரண்டாகப் பிரித்து, நடுவே லேசான பொருளை வைத்து, மொத்தத் தடிப்பை இரட்டிப்பாக்கினால் விறைப்பு 7 மடங்காகிறது. நாலு மடங்கு தடிப்பாக்கினால் 37 மடங்கு. எடையோ சில விழுக்காடுதான் கூடும்.

பி.வி.சி. ஃபோம், கன மீட்டருக்கு 80 கிலோ அடர்த்தி, 10 மி.மீ. தடிப்பு: சதுர மீட்டருக்கு 800 கிராம்தான். வெளியே 600 கிராம், உள்ளே 400 கிராம் பயாக்சியல் துணி, எபாக்ஸி, ஃபோமின் துளைகள் குடிக்கிற ரெசின் எல்லாம் சேர்த்து 3.2 கிலோ. ஆறு சதுர மீட்டருக்கு 19 கிலோ. மேட்டும் ரோவிங்கும் போட்ட ஓட்டின் 35 கிலோவோடு ஒப்பிடலாம். பொருள் முதல் தரம். ஆனால் நம் ஊர்க் கடைகளில் கிடைக்காது, வெளியூரிலிருந்து முழுத்தாளாக வரவழைக்கவேண்டும். இன்னொன்று, குளத்தைத் தெரிந்தவர்கள் புரிந்துகொள்வார்கள்: நம் குளங்களில் தண்ணீருக்கடியில் வெட்டிப்போட்ட சீமைக்கருவேல் அடிக்கட்டைகள் நிற்கின்றன. ஒரு மி.மீ.கூட வராத வெளித்தோலை அது குத்தினால், தண்ணீர் ஃபோமுக்கும் தோலுக்கும் நடுவே போய், வெளியே தெரியாமல் தோலைப் பிரித்துக்கொண்டே போகும். அடிப்பக்கத்தில் இன்னொரு 600 கிராம் துணி கூடுதலாகப் போடவேண்டும். துடுப்புக்கொண்டி, கயிற்றுவளையம், பின்பலகை என்று போல்ட் வருகிற இடங்களில் ஃபோமை வெட்டி எடுத்துவிட்டுப் பிளைவுட் துண்டு வைக்கவேண்டும். ஃபோம்மேல் போல்ட்டை முடுக்கினால் நசுங்கிப் பள்ளமாகும்.

தெர்மோகோல்: பாலியெஸ்டர் பட்ட மறுநிமிடம் கரையும். ஸ்டைரினில் தெர்மோகோல் சர்க்கரையாய்க் கரைவதை ஒரு துண்டில் விட்டே பார்த்துக்கொள்ளலாம். எபாக்ஸியில் கரையாது. மிதவைப் பெட்டிக்குள் வைக்கச் சரி. ஓட்டின் நடுப்பொருளாக வைத்தால், மிதித்த இடத்தில் நசுங்கும். ஊற்றிப் பொங்கவைக்கிற பி.யு. ஃபோமும் அப்படித்தான். சுற்றிலும் மூடாவிட்டால் சில வருடத்தில் தண்ணீர் குடித்துக் கனக்கும்.

மரைன் பிளைவுட்: நெல்லைச் சீமையில் குளத்துப் படகு கட்டுகிறவருக்கு எங்கள் முதல் பரிந்துரை. ஐ.எஸ். 710 முத்திரை இருக்கவேண்டும். ஐ.எஸ். 303 முத்திரை உள்ளது அலமாரிக்கு. 710 தரத்துக்கு 72 மணிநேரம் கொதிநீர்ச் சோதனை உண்டு. வீட்டில் அவ்வளவு வேண்டாம். இரண்டங்குலத் துண்டை நாலைந்து மணிநேரம் கொதிக்கவைத்து, வெயிலில் காயவைத்து, மறுபடி கொதிக்கவைத்தால் போலிச் சரக்கு அங்கேயே வாய்பிளக்கும். தாளின் நாலு ஓரத்தையும் பார்க்கவேண்டும். நடு அடுக்கில் இடைவெளி தெரிந்தால் உள்ளேயும் இருக்கும். அடிக்கு 6 மி.மீ., பக்கத்துக்கு 4 மி.மீ. போதும். 4 மி.மீ. 710 தரத்தில் எல்லாக் கடையிலும் இருக்காது, முன்கூட்டியே சொல்லிவைக்கவேண்டும்.

தைத்து ஒட்டுகிற முறை

இந்தப் பிளைவுட்டுக்கு அச்சு வேண்டாம். எட்டடித் தாள் பன்னிரண்டடி ஆகவேண்டுமென்றால், இரு தாளின் ஓரத்தையும் தடிப்பைப்போல எட்டு மடங்கு நீளத்துக்குச் சரிவாக இழைத்து ஒட்டவேண்டும். 6 மி.மீ. தாளுக்கு 48 மி.மீ. சரிவு. ஒட்டுமுன் சரிவில் வெறும் எபாக்ஸி ஒரு பூச்சு பூசி, மரம் குடித்தபிறகு, கெட்டியாக்கிய எபாக்ஸி வைக்கவேண்டும். இந்த முதல் பூச்சை விட்டுவிட்டால் மரம் பசையை உறிஞ்சிக்கொண்டு மூட்டு வறண்டு ஒடியும்.

பலகைகளின் ஓரத்தில் 10 முதல் 15 செ.மீ.க்கு ஒரு துளை போட்டு, ஒரு மி.மீ. செம்புக் கம்பியால் தைத்து முறுக்கினால் படகு உருவம் வந்துவிடும். இந்தக் கட்டத்தில் முன்னும் பின்னும் குறுக்கே ஒவ்வொரு குச்சி வைத்து, தூரத்தில் நின்று ஒன்றின்மேல் ஒன்று பொருந்துகிறதா என்று பார்க்கவேண்டும். முறுக்கு இருந்தால் இப்போது சரிசெய்வது ஐந்து நிமிட வேலை, ஒட்டியபிறகு முடியாது. உள்மூலைகளில் எபாக்ஸியும் சலித்த மரத்தூளும் பிசைந்த கலவையை, வேர்க்கடலை அரைத்த பதத்தில், 20 முதல் 25 மி.மீ. ஆரத்துக்கு வளைவாக வழித்துவிட்டு, அது முழுதாக இறுகுமுன் மேலே 75 மி.மீ. பட்டையை ஒட்டவேண்டும். மூலை வளைவு இல்லாமல் கூராக இருந்தால் இழை அங்கே தூக்கிக்கொண்டு காற்றுப்பை விழும். மூட்டில் விழுகிற விரிசல் பெரும்பாலும் அந்தக் காற்றுப்பையில் தொடங்குவதுதான்.

வெளிப்பக்கம் மூட்டைத் தேய்த்து உருட்டி, 200 கிராம் துணி. உட்பக்கம் வெறும் எபாக்ஸி மூன்று பூச்சு. வெட்டிய ஓரங்கள் எல்லாவற்றுக்கும் மூன்று பூச்சு தனியாக, ஏனென்றால் பிளைவுட் அழுகுவது எப்போதும் ஓரத்திலிருந்துதான். மொத்தச் செலவு: தாள் மூன்று, துணி 7 சதுர மீட்டர், பட்டை 30 மீட்டருக்குள், எபாக்ஸி கழிவு சேர்த்து 7 முதல் 8 கிலோ. முடிந்த படகு விளிம்பு, பலகை எல்லாம் சேர்த்து 35 கிலோவை ஒட்டி வரும். ஃபோமைவிடக் கொஞ்சம் கனம். ஆனால் கருவேல் கட்டை இடித்தால் பள்ளம் விழும், ஓட்டை விழாது.

வெற்றிடப் பை

கையால் துணி ஒட்டும்போது இழைப்பங்கு 50 விழுக்காட்டைத் தாண்டுவது அரிது. ரெசின் இறுகுமுன் மேலே பிளாஸ்டிக் பையால் மூடி, பம்பால் காற்றை உறிஞ்சி அமுக்கினால் 60-ஐத் தாண்டும். பழைய குளிர்பதனப்பெட்டியின் கம்ப்ரஸரே சின்ன வேலைக்குப் பம்பாகும். கடினம் பம்பில் இல்லை, ஓட்டையில்லாத பையில் இருக்கிறது. பம்பை நிறுத்திப் பத்து நிமிடம் பார்த்தால் அழுத்தமானியின் முள் நகரக்கூடாது. நகர்ந்தால் ரெசின் கலக்கவே கூடாது. நடுவில் மின்சாரம் போனால் பை தளர்ந்து ஃபோம் தோலைவிட்டு எழும்பும். இன்வெர்ட்டர் இல்லாமல் இதில் இறங்கவேண்டாம். ரெசினையே வெற்றிடத்தால் இழுக்கிற முறை, ஒரே அச்சில் பத்துப் படகு எடுக்கிறவர்களுக்கு. ஒற்றைப் படகுக்கு, வீசி எறிகிற பையும் குழாயும் வலையுமே ரெசின் விலைக்கு வந்துவிடும்.

கடலுக்கு என்றால்

இடிந்தகரையிலும் பெருமணலிலும் நிலைமை வேறு. அலையைத் தாண்டி ஏறுகிற படகு, திரும்பி வந்ததும் மணலில் இழுபடுகிறது. அங்கே அடிப்பக்கத்துக்கு ஃபோம் கூடாது. ஐசோ அல்லது வினைல் எஸ்டரில் முழுக்கெட்டி ஓடு, நடுமுதுகில் இரட்டை அடுக்கு, அதன்கீழ் தேய்ந்தால் மாற்றுகிற எச்.டி.பி.இ. (கெட்டி பிளாஸ்டிக்) பட்டை. எடை குறைக்கவேண்டிய இடம் பக்கச்சுவரும் மேல்தளமும். அங்கே 10 மி.மீ. ஃபோம் வைக்கலாம். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரை முழுக்கப் பைபர் படகுகள் பெருகின. பழைய பைபர் ஓடு வாங்குகிறவர்கள் மூன்று சோதனை செய்யவேண்டும். ஐந்து ரூபாய் நாணயத்தால் ஓடு முழுக்கத் தட்டினால், தோல் பிரிந்த இடம் மந்தமாகக் கேட்கும். அசிட்டோன் நனைத்த பஞ்சைத் தேய்த்தால், இறுகாத இடம் பிசுக்கும். விளிம்பிலிருந்து இரண்டங்குலத் துண்டு வெட்டி நிறுத்து, எரித்து, மிஞ்சிய கண்ணாடியை நிறுத்தால் இழைப்பங்கு தெரியும். மேட்டும் ரோவிங்கும் கலந்த ஓட்டில் 30-க்குக் கீழே வந்தால், அது ரெசினை விற்ற படகு.

காலமும் நிறமும்

ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ராதாபுரம், வள்ளியூர்ப் பக்கம் முழுக்க மண்ணை அள்ளிவரும். திசையன்விளைத் தேரியின் செம்மண் ஈர ரெசினில் படிந்தால் அடுத்த அடுக்கு மண்ணின்மேல்தான் ஒட்டும். அந்த இரண்டு மாதம் நாலு பக்கமும் மூடிய இடம் இல்லாமல் வேலை வேண்டாம். தை முதல் மாசி முடிய எபாக்ஸிக்கு நல்ல காலம்.

படகு முடிந்து ஒரு வாரம் கழித்து, கோடை வெயிலில் கறுப்புத் தார்ப்பாயால் மூடி, காற்றுப் புகாமல் ஓரத்தில் மண் போட்டு, நடுப்பகல் முழுக்க விட்டால் உள்ளே 50 டிகிரிக்குமேல் ஏறும். இரண்டு மூன்று நாள் இப்படிச் செய்தால் எபாக்ஸி இன்னும் நன்றாக முற்றும். அந்தச் சூட்டில் ஓடு தளரும் என்பதால், தண்ணீரில் உட்காருகிற வடிவத்திலேயே மூன்று இடத்தில் தாங்கல் கொடுக்கவேண்டும். வெறுமனே இரண்டு கல்லின்மேல் வைத்து மூடினால் தொய்ந்த வடிவத்திலேயே முற்றிவிடும். பெயின்ட் வெள்ளை, இளமஞ்சள், வெளிர்நீலம். கருநீலமோ கறுப்போ அடித்தால் நம் வெயிலில் மேற்பரப்பு, சாதாரணமாக இறுகிய எபாக்ஸி இளகத் தொடங்குகிற சூட்டைத் தொட்டுவிடும். துணியின் நெசவு மேலே அச்சாகத் தெரிய ஆரம்பிக்கும்.

கட்டை குத்திவிட்டால், அன்றைக்கே ஒட்டக்கூடாது. படகைக் கவிழ்த்து நிழலில் ஒரு வாரம் காயவிட்டு, அடிபட்ட இடத்தைச் சுற்றி, தடிப்பைப்போல பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, 80-ஆம் எண் உப்புத்தாள் கீறல் தெரிகிற பரப்பில், பெரிய துண்டிலிருந்து சிறியது வரை வரிசையாக ஒட்டவேண்டும். பிளைவுட் கறுத்திருந்தால் கறுப்பு முழுதும் போகும்வரை சுரண்டி எடுத்தபிறகே எபாக்ஸி.